ஏரியைக் காப்பாற்ற எந்த வழி? வழக்கு, போராட்டம், கம்பெனிப் பணம், ஊர்ச் சங்கம்: ஒரு ஒப்பீடு

போன ஒரு மாதத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் ஆவடிப் பக்கம். அவர் தெரு முடிகிற இடத்தில் ஏரி தொடங்குகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஆகாயத்தாமரை மட்டும்தான். இன்னொருவர் மேடவாக்கத்து அம்மா. அவர்கள் ஏரிக்குள் ராத்திரியில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போகிறார்களாம். மூன்றாமவர் போரூர் தாண்டி இருக்கிறார். ஒரு கம்பெனி அவர்கள் ஏரியைத் தத்தெடுக்க வந்திருக்கிறது, சரி சொல்லலாமா வேண்டாமா என்று குடியிருப்போர் சங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. கேஸ் போடலாமா, ரோட்டில் உட்காரலாமா, பணமுள்ள கம்பெனியிடம் விட்டுவிடலாமா, இல்லை நாமே கூடிப் பார்த்துக்கொள்ளலாமா என்பதுதான் மூவருக்கும் குழப்பம்.

நான் வக்கீல் இல்லை, பொறியாளரும் இல்லை. 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதிலிருந்து தென்சென்னைப் புறநகரில் ஒரு சின்ன ஏரியோடு மாரடித்துக்கொண்டிருக்கிறவன், அவ்வளவுதான். நான்கு வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் நடந்து பார்த்தோம், நான்கிலும் சூடு பட்டோம். அதை வைத்துச் சொல்கிறேன்.

## முதல் செலவு பத்து ரூபாய்

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த நீர்நிலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் இது பெரிய கூத்து. பாசனத்துக்கு இருந்த ஏரி பெரும்பாலும் நீர்வளத் துறையிடம் இருக்கும். குட்டை, குளம் என்றால் மாநகராட்சியாக இருக்கலாம். கோயில் குளம் என்றால் அறநிலையத் துறை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி வனத்துறையிடம் இருக்கிறது. நிலத்தின் கணக்கோ வருவாய்த் துறையிடம். நாங்கள் இது தெரியாமல் சம்பந்தமில்லாத ஓர் அலுவலகத்துக்கு நான்கு மாதம் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர்களும் ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்களே தவிர, இது எங்களுடையது இல்லை என்று கடைசி வரை வாய் திறக்கவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு போட்டால் முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘அ’ பதிவேட்டுப் பக்கம் (சர்வே எண் வாரியாக நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்கிற வருவாய்த் துறைக் கணக்கு), புல வரைபடம், வரத்து வாய்க்கால் எங்கிருந்து வருகிறது, உபரி நீர் எங்கே போகிறது, இவ்வளவையும் கேளுங்கள். கையில் சர்வே எண் இல்லாமல் யாரிடம் போனாலும் நீங்கள் வெறும் புலம்பல்காரர்தான்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள். ஒன்று, நோய் என்ன? ஆக்கிரமிப்பா, சாக்கடையா, வெறுமனே கவனிப்பாரில்லாமல் தூர்ந்து கிடக்கிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இரண்டு, எத்தனை காலம் ஆகும்? மூன்று, யார் பையிலிருந்து பணம் போகும்? நான்கு, இந்த வழியில் போனால் அடி யார் மேல் விழும்? இதை யாரும் கேட்பதே இல்லை. ஐந்து, ஐந்தாம் வருஷம் கார்த்திகை மாதத்து மழையில், ராத்திரி பதினோரு மணிக்குக் கரைமேல் நிற்கப் போவது யார்? எனக்கு முக்கியம் இந்தக் கடைசிக் கேள்விதான். இதற்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன், ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

## வழி 1: வழக்கு

சேப்பாக்கம் கலச மகாலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சாக்கடை விடுகிறார்கள், குப்பை கொட்டுகிறார்கள் என்றால் போக வேண்டிய இடம் இது. ஆனால் பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். “பொங்கல் முடியட்டும், தேர்தல் முடியட்டும்” என்று தள்ளிப்போட்டுக் கோட்டைவிட்டவர்களை எனக்குத் தெரியும். கெட்டுப்போனதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்கிற மனுவுக்கு மட்டும் ஐந்து வருஷ அவகாசம் உண்டு.

பட்டா, ஆக்கிரமிப்பு என்று போனால் அது உயர் நீதிமன்றத்து விவகாரம். நீர்நிலைகளைக் கண்டறிந்து ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2005-ல் எல். கிருஷ்ணன் வழக்கில் சொன்னது. 2007-ல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஊர்ப் பொது நிலத்தை வளைத்துப் போட்டவர்களுக்கு வரன்முறை செய்து கொடுக்கக் கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் கடுமையாகவே சொல்லியிருக்கிறது. ஆக, சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை.

குறை எங்கே என்றால், ஆணை வாங்கிய பிறகு. கூட்டு ஆய்வுக் குழு, அறிக்கை, அந்த அறிக்கைக்கு ஆட்சேபணை, அவகாசம், மறுபடி அறிக்கை. கொரட்டூரில் ஏரிப் பாதுகாப்பு மக்கள் இயக்கம் வருஷக்கணக்காகத் தெருவிலும் தீர்ப்பாயத்திலும் மாறி மாறி நிற்கிறது. அம்பத்தூர்ப் பக்கமிருந்து வருகிற கழிவுநீர் ஒரே ஒரு உத்தரவில் நின்றுவிடவில்லை. அவர்களால் விடாமல் துரத்த முடிகிறது என்றால் பின்னால் ஆட்கள் இருப்பதுதான் காரணம். மனுதாரர் ஒரே ஆளாக இருந்து, அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டால் அந்த வழக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவு இருக்கிறது. நான்காவது கேள்வி இங்கேதான் உறைக்கும். ‘ஆக்கிரமிப்பை அகற்று’ என்று ஆணை வந்தால் முதலில் இடிபடுவது கரைமேல் இருக்கிற குடிசை. ஏரிக்குள் நடுவாந்திரத்தில் இருக்கிற அரசுக் கட்டடமோ, அனுமதி வாங்கிய அடுக்ககமோ அல்ல. முகப்பேரில் ‘ஏரித் திட்டம்’ என்று ஒரு பேட்டையே இருக்கிறது, வீட்டு வசதி வாரியம் போட்ட மனைகள். தி.நகரே 1920-களில் நீண்ட ஏரியை வடித்துவிட்டு எழுந்த ஊர்தான். மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டில் நின்றுகொண்டு ஏரியைத் தேடிப் பாருங்கள். அங்கெல்லாம் யாரும் புல்டோசரோடு போகப் போவதில்லை. ஆனால் நீர்க்கரையிலிருந்து ஏழைகளைக் கிளப்பி எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாக்கம் இருப்பது சதுப்பு நிலத்தின் விளிம்பில், மழைக்கு மழை மூழ்குகிற இடம். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். உங்கள் மனுவில் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்த சர்வே எண், யார், என்ன கட்டடம், எத்தனை வருஷமாக என்று பிரித்து எழுதுங்கள்.

வழக்கு எப்போது சரி? கொட்டுவதோ கட்டுவதோ இப்போது நடந்துகொண்டிருக்கிறது, உடனே தடை வேண்டும் என்கிறபோது.

## வழி 2: போராட்டம்

ஒன்றை நிறுத்துவதற்கு இதைவிட வலுவான வழி இல்லை. பாலக்காட்டுப் பிளாச்சிமடையில் ஆதிவாசிப் பெண்கள் 2002-ல் குளிர்பான ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள், 2004-ல் ஆலை மூடியது. நமக்குப் பக்கத்தில், பரந்தூர் விமான நிலையத் திட்டத்தில் ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து போராடினார்கள், அவர்கள் ஊரும் ஏரியும் அந்த வரைபடத்துக்குள் இருக்கின்றன. அவர்களிடம் நான் கற்றுக்கொண்டது, கிராம சபையை விடாமல் பிடித்துக்கொண்டதைத்தான். கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் போட்டு எழுத்தில் ஏற்றினார்கள். கோஷம் மறந்துபோகும், தீர்மானப் புத்தகத்தில் இருப்பது கோப்பில் நிற்கும்.

நகரத்துக்காரர்களுக்குக் கிராம சபை கிடையாதே என்றால், 2022 நவம்பர் 1 முதல் நமக்கும் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. எங்கள் வார்டில் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர், அதில் நான்கு பேர் கவுன்சிலரின் சொந்தக்காரர்கள். இருந்தாலும் ஏரிக்கு ஒரு தீர்மானம் எழுத வைத்தோம்.

சென்னைக்குள் மறைந்திருக்கிற செலவுகள் வேறு. போலீஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இருக்கிறது, அனுமதி இல்லாமல் கூடினால் வழக்கு. வள்ளுவர் கோட்டத்தில் நின்று கத்தினால் உங்கள் ஏரி இருக்கிற தெருவுக்கே கேட்காது. ஏரிக்கரையில் நின்றாலோ ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் மண்டபத்தில் உட்கார வைத்து சாயங்காலம் விடுவார்கள், பெயர் மட்டும் காகிதத்தில் தங்கிவிடும். எங்கள் குழுவில் ஒரு பையனுக்குப் பாஸ்போர்ட் விசாரணை இந்தக் காரணத்தாலேயே ஏழு மாதம் இழுத்தது. அவன் அம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், எனக்கும் பதில் சொல்ல வாய் இல்லை. அப்புறம் கட்சிக் கொடி. வேண்டாம் என்றால் கூட்டம் வராது, வேண்டுமென்றால் ஏரி பின்னால் போய்விடும்.

சிட்லபாக்கம் இதில் ஒரு நடுவழி கண்டது. 2019 கோடை நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். அந்த வருஷம் அங்கே மக்கள் கையில் மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்குள் இறங்கினார்கள். இறங்கி வேலை செய்கிறவர்களை விரட்ட எந்த அதிகாரிக்கும் மனசு வராது, பார்த்தும் பாராமல் இருக்கவும் முடியாது. அந்த ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது.

ஏரியையே விழுங்கப்போகிற திட்டம் வருகிறது என்றால் போராட்டம்தான், தயங்காதீர்கள். ஆனால் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது என்பதற்குச் சாலை மறியல் செய்தால் பஸ்ஸில் நிற்கிறவர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள்.

## வழி 3: கம்பெனிப் பணம்

2013 கம்பெனிகள் சட்டப்படி, ஓரளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். சென்னையைச் சுற்றி இவ்வளவு ஐ.டி. கம்பெனிகளும் கார்த் தொழிற்சாலைகளும் இருக்கும்போது, அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஏரிக்கு வருவது நியாயமும்கூட. வேகமும் இதில்தான். மாசியில் பொக்லைன் இறங்கினால் ஆடிக்குள் கரை உயர்ந்துவிடும். நாம் மனுவோடு அலைந்த மூன்று வருஷத்தில் நடக்காத வேலை ஒரே கோடையில் நடந்து முடியும். நன்றாக நடந்ததற்கு உதாரணம் செம்பாக்கம் ஏரி. ஒரு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, உள்ளூர்த் தொண்டு நிறுவனம், சென்னை ஐஐடி மூன்றும் சேர்ந்து செய்தது. தண்ணீர் ஓடுகிற வழியில் அது பள்ளிக்கரணைக்கு மேலே இருக்கிற ஏரி என்பதையும், கழிவுநீர் எங்கே உள்ளே வருகிறது என்பதையும் பார்த்துத் திட்டம் போட்டார்கள்.

எல்லோரும் அப்படிப் பார்ப்பதில்லை. எங்கள் ஏரிக்கும் ஒரு நிறுவனம் வந்தது, பெயர் எதற்கு. வந்த பொறியாளர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு எத்தனை கன மீட்டர் மண் எடுத்தோம் என்று மேலே கணக்குக் காட்ட வேண்டும். அதனால் ஏரியைச் சுற்றிலும் செங்குத்தாக வெட்டிக் குளியல் தொட்டி மாதிரி ஆக்கிவிட்டார்கள். ஏரி என்பது ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் முழங்கால் தண்ணீராகவும் இருக்க வேண்டிய ஒன்று. அந்த முழங்கால் தண்ணீரில்தான் கோரை நிற்கும், கொக்கும் உள்ளானும் மேயும், மாடு இறங்கும். அது போனதும் அடுத்த வருஷம் நீர்க்காகம் வந்தது, உள்ளான் வரவில்லை. சுற்றி நடைபாதை, நடைபாதைக்கு வேலி, வேலிக்குக் கேட், கேட்டுக்குப் பூட்டு. பூட்டு வந்த அன்றைக்கே மாடு வைத்திருந்தவர்களும் தூண்டில் போட்டவர்களும் வெளியாள் ஆகிவிட்டார்கள். பெயர்ப் பலகை மட்டும் தண்ணீர்த் தொட்டி உயரத்துக்கு.

இதைவிடப் பெரிய வேடிக்கை, இவ்வளவு வெட்டியும் அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பவில்லை. வரத்து வாய்க்கால் முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஓர் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் அடைந்து கிடந்தது. அது ‘திட்ட எல்லைக்கு வெளியே’ என்று பதில் வந்தது. ஏரியைச் சரி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏரியை மட்டும்தான் சரி செய்வார்கள்.

பணத்துக்கும் ஆயுள் உண்டு. சமூகப் பொறுப்பு நிதியில் நீண்ட காலத் திட்டம் என்றாலே தொடங்குகிற வருஷம் போக அதிகபட்சம் மூன்று வருஷம்தான். நான்காம் வருஷம் காவலாளிக்குச் சம்பளம் யார்? பெங்களூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் நமக்கு முந்திக் கைசுட்டுக்கொண்டவர்கள். அங்கே 2000-களில் சில ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கே விட்டார்கள், எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. 2020 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம், பெருநிறுவனங்களோடு ஏரிகளுக்கு ஒப்பந்தம் போடுவதைத் தடுத்தது. அதன் பிறகு கைக்கொண்டரஹள்ளி போன்ற இடங்களில் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த மக்கள் குழுக்களின் ஒப்பந்தங்களும் தொங்கலில் விழுந்தன.

சாக்கடையும் ஆக்கிரமிப்பும் இல்லாமல் வெறுமனே தூர்ந்து கிடக்கிற ஏரிக்கு இந்த வழி நல்லது. மற்றவற்றுக்கு இது செத்துக்கொண்டிருக்கிறவருக்குப் புதுச் சட்டை போட்டுவிடுகிற மாதிரி.

## வழி 4: ஊர்ச் சங்கம்

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

இது நமக்குப் புதிதில்லை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உத்திரமேரூர் போகலாம். அங்கே முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில், 919, 921-ஆம் ஆண்டுகளில், ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்த முறை வெட்டப்பட்டிருக்கிறது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது என்பது எனக்குப் பிடித்த விதி. அதே கல்வெட்டு, சொந்த நிலமும் சொந்த மனையும் இல்லாதவனுக்கு இடமில்லை என்றும் சொல்கிறது. பெண்கள் பேச்சே இல்லை. பெருமையோடு இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அப்புறம் செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மதகைத் திறப்பதும் மூடுவதும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் அவர் வேலை, அறுவடையில் அவருக்கு நெல். ஊரே கூடிக் கரையைச் செப்பனிடுவது குடிமராமத்து. வெள்ளைக்காரன் 1858-ல் அதற்குச் சட்டம் போட்டான், 2017-ல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்து விவசாயிகள் பத்து சதவீதம் போட வேண்டும் என்றது. பழவேற்காட்டில் மீனவர்களின் ‘பாடு’ முறை இன்றும் பேசப்படுகிறது. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். நல்ல இடத்துக்கு அடிதடி இல்லை, எல்லோருக்கும் ஒரு நாள் வரும். ஆனால் அதிலும் குறிப்பிட்ட ஊர்களின் தலைக்கட்டுகளுக்கு, அதாவது வரி கொடுக்கிற குடும்பங்களுக்குத்தான் பங்கு, மற்றவர்களுக்கு இல்லை என்கிற குறை உண்டு.

பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், ஆகவே அரசிடமோ தனியாரிடமோ கொடு என்று 1968-ல் காரெட் ஹார்டின் வாதிட்டார். எலினார் ஆஸ்ட்ராம் அப்படி இல்லை என்று உலகம் முழுவதும் காடு, மீன்பிடி, பாசனம் என்று தேடிக் காட்டி 2009-ல் பொருளாதார நோபல் வாங்கினார். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: யார் உறுப்பினர், எது எல்லை என்பது தெளிவாக இருக்கணும். விதியை அதற்கு உட்படுகிறவர்களே போடணும். கண்காணிப்பு இருக்கணும். தப்புக்கு முதலில் சின்ன தண்டனை, பிறகு பெரிது. சண்டையைத் தீர்க்கப் பக்கத்திலேயே ஓர் இடம் வேணும். அரசாங்கம் குறுக்கே நிற்கக் கூடாது.

சென்னையில் இது முதல் படியிலேயே சறுக்குகிறது. யார் உறுப்பினர்? ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலத்தில், இப்போது வயலே இல்லை, எல்லாம் மனை. தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் விவசாயிகள் சங்கத்தைத்தான் அறியும், அடுக்ககவாசியை அறியாது. நாங்கள் இரண்டு வருஷம் ‘சுற்றுச்சூழல் விழிப்புணர்வு’ என்று நோட்டீஸ் கொடுத்தோம், ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வந்தால் அதிகம். 2019 கோடைக்குப் பிறகு நோட்டீஸை மாற்றினோம். ஏரியிலிருந்து எத்தனையாவது தெருவில் போர்வெல் எத்தனை அடியில் தண்ணீர் கொடுத்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி ஒட்டினோம். கரையை ஒட்டிய தெருவில் தண்ணீர் இருந்தது, ஐந்தாம் தெருவில் லாரி நின்றது. ஆயக்கட்டு எங்கேயும் போய்விடவில்லை, பூமிக்கடியில் மோட்டாரில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே உறைத்தது. அதற்கடுத்த ஞாயிறு நாற்பது பேர்.

இதன் செலவுகளை மறைக்க விரும்பவில்லை. பணம் அதிகம் ஆகாது. சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும், வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்வதுதான் தலைவலி. போகிறது நேரம். நாற்பது பேர் வாட்ஸ்அப்பில் இருப்பார்கள், வேலை செய்வது அதே மூன்று பேர். அதில் ஒருவருக்கு முதுகுவலி. அதிகாரமும் கிடையாது. கரையில் ஒரு கூடை மண் எடுப்பதென்றாலும் துறையின் அனுமதி வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், சங்கம் என்பது மெல்ல மெல்ல வீட்டுச் சொந்தக்காரர்களின் கிளப் ஆகிவிடும். “மாடு வேண்டாம், தூண்டில் வேண்டாம், அந்தப் பக்கத்துப் பசங்க சாயங்காலம் வந்து உட்காருறாங்க, அதுவும் வேண்டாம்” என்று ஒரு கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். நான் பெரிய யோக்கியன் மாதிரி எழுதுகிறேன், அன்றைக்கு நானும் பாதிக்குக் கை தூக்கினேன். ஏரிக்குள் விஷக் கழிவு லாரி இறங்கியதை முதலில் பார்த்துச் சொன்னது அந்தத் தூண்டில்காரர்தான் என்பது அப்புறம் தெரிந்தது. இப்போது அவர் செயற்குழுவில் இருக்கிறார்.

சங்கத்தால் மட்டுமே முடிகிற ஒன்றைச் சொல்கிறேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். நீர்ப்பிடிப்புப் பக்கத்துத் தெருக்களில் வாசலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, மதகைத் திற என்கிறார்கள். மதகுக்குக் கீழே பழைய பாசன வாய்க்கால்தான் இப்போது மழைநீர் வடிகால், திறந்தால் எங்கள் வீட்டுக்குள் வரும் என்று கீழ்த்தெருக்காரர்கள் கடப்பாரையோடு நிற்கிறார்கள். சிலர் உபரி நீர் வழிகிற கலங்கலையே உடைத்துவிடலாம் என்றார்கள். இந்தக் களேபரத்தில் ஷட்டரைத் திருகுகிற கைப்பிடி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அலுவலகத்துப் போன் எடுக்கவில்லை, அவர்கள் பாடு அன்றைக்கு அப்படி. கடைசியில் பழைய நீர்க்கட்டிக் குடும்பத்துப் பெரியவர், நாங்கள் தாத்தா என்று கூப்பிடுகிறவர், “எங்க வூட்டுப் பரண்மேல கிடக்குது தம்பி, கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே” என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகு ரேஷன் கடை வாசலில் இரண்டு பக்கத்துக்காரர்களும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். மதகுச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டால் துறைக்குச் சொல்லிவிட்டு ஒரு ஷட்டர் அரை அடி திறப்பது. கீழ்த்தெரு வடிகாலை புரட்டாசிக்குள் மேல்தெருக்காரர்கள் காசு போட்டுத் தூர்வாரித் தருவது. எந்த நீதிமன்றமும் எந்தக் கம்பெனியும் எங்களுக்கு இந்தக் கோட்டைப் போட்டுத் தந்திருக்காது.

## எந்த நிலைக்கு எது முதலில்

| ஏரியின் நிலை | முதலில் | கூடவே |
|---|---|---|
| இப்போது கொட்டுகிறார்கள், கட்டுகிறார்கள் | வழக்கு, ஆறு மாதத்துக்குள் | தேதியோடு படங்கள், குறைந்தது மூன்று மனுதாரர்கள் |
| ஏரியையே எடுக்கிற திட்டம் | போராட்டம் | கிராம சபை அல்லது பகுதி சபைத் தீர்மானம், பிறகு வழக்கு |
| வருஷக்கணக்கான சாக்கடை | சங்கம், தகவல் மனுக்கள் | தீர்ப்பாயம் |
| தூர்ந்தது மட்டும்தான் | கம்பெனிப் பணம் | சரி சொல்வதற்கு முன்பே சங்கம் |
| தூர்வாரி மறுபடி கெடுகிறது | சங்கம் | வரத்து வாய்க்கால் வரைபடம் |

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கரணைக்காக மக்கள் குரல் கொடுத்து, 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக் காடானது. 2022-ல்தான் சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலுக்குப் போனது. நடுவில் பதினைந்து வருஷம். அதில் வழக்கும் உண்டு, தெருவில் நின்றதும் உண்டு, ஆய்வும் உண்டு. ஆகவே நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. எது முன்னால், எது பின்னால் என்பதுதான் பேச்சு.

மேடவாக்கத்து அம்மாவுக்கு: நீங்கள் காத்திருக்கக் கூடாது. முதல் லாரி வந்த தேதியைக் கண்டுபிடித்து எழுதிக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கலச மகாலுக்குப் போங்கள். போரூர்க்காரருக்கு: கம்பெனியை விரட்ட வேண்டாம், ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். வரத்து வாய்க்கால் சேருமா, ஒரு பக்கக் கரை சரிவாக இருக்குமா, கேட்டுக்குச் சாவி யாரிடம். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் உங்கள் சங்கத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதுதான் சரி.

ஆவடி நண்பருக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆகாயத்தாமரை சாக்கடையில் கொழுக்கிற செடி, ஆகவே எந்தக் குழாய் வழியாக உள்ளே வருகிறது என்று இந்தக் கோடையில் ஏரியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். நடக்கும்போது மதகுக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய வீடுகளில் கதவைத் தட்டி, ஷட்டர் கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டுவையுங்கள்.